பவுனம்மாள் வீட்டு அடுப்பு

பவுனம்மாள் செத்து நாலு மாசம்கூட ஆகவில்லை, அதற்குள் அவள் வீட்டு முற்றத்தில் புதிதாக மூன்று கல் முளைத்துவிட்டது. கல் தானாக முளைக்காது என்பது குப்பத்துக்கே தெரியும். சின்ன மருமகள் பச்சையம்மா தன் கையாலேயே மண் பூசி, கிழக்கே பார்த்து வைத்த அடுப்பு அது. வேலியோரம் போகிறவர்கள் கண்ணில் படட்டும் என்று இரண்டு நாளாகக் காயவிட்டிருந்தாள். எல்லாரும் பார்த்தார்கள். பார்க்காத மாதிரிப் போனவர்கள் இரண்டு தடவை பார்த்தார்கள்.

பெரிய மருமகள் தெய்வநாயகி மட்டும் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. முதுகைக் காட்டி உட்கார்ந்து மடவை மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டிருந்தாள். எடுத்த வேகத்தில் மீனுக்குத் தோல் மிஞ்சியதே பெரிய காரியம்.

விஷயம் இதுதான். ஏரியில் வலை கட்டும் உரிமைக்கு அந்தக் குப்பத்தில் பாடு என்று பெயர். முகத்துவாரத்தை ஒட்டிய பாடுகளில் மீன் கொட்டும். மேற்கே சேற்றுப் பக்கம் போனால் நண்டுகூட யோசித்துத்தான் வரும். ஆகவே வருஷத்துக்கு ஒருமுறை ஒரு பானைக்குள் ஆளுக்கொரு அடையாளம் போடுவார்கள், ஒருத்தர் சிப்பி, ஒருத்தர் பாக்கு, ஒருத்தர் கட்டைத் துண்டு என்று. எடுக்கிற வரிசையில் இடமும் நாளும் அமையும். ஒரு அடுப்புக்கு ஒரு அடையாளம். அன்று காலையில் குப்பத்துத் தலைவரான பெரிய நாட்டார் வீடு வீடாக நடந்து எரிகிற அடுப்புகளை எண்ணுவார். எரிந்தால் உண்டு, எரியாவிட்டால் இல்லை. பாடு கிடைத்தும் தன் நாளில் வலை கட்ட முடியாதவனுக்கு அந்த வருஷம் முழுக்கப் போச்சு, அது அடுத்தவனுக்கு.

பவுனம்மாளின் இளைய மகன் உலகநாதன் காதில் யாரோ ஓதிவிட்டிருந்தார்கள்: அண்ணன் தம்பி இரண்டு அடுப்பானால் இரண்டு பாடு. கேட்க இனிப்பாகத்தான் இருந்தது. ஆனால் வீட்டில் இருப்பதோ ஒரே வலை. நடுவில் அறுத்தால் அது இரண்டு வலை ஆகாது, இரண்டு ஓட்டை ஆகும். அதைவிடப் பெரிய சங்கதி அண்ணன் அங்கமுத்துவின் வலது கை. உலாந்தாக்காரன் என்கிற டச்சுக்காரன் கப்பலுக்குத் துணிமூட்டை ஏற்றப் போன இடத்தில் கயிற்றில் மாட்டி, மூன்று விரல் மடங்காமல் போய்விட்டது. மறுமுனையைத் தம்பி பிடித்தால்தான் அவன் வலை தண்ணீரில் நிற்கும். நாட்டார் இரண்டு அடுப்பு என்று எண்ணிவிட்டால், தம்பி தன் வலையோடு தனியே போய்விடுவான், முதல் முறையிலேயே அங்கமுத்துவின் பாடு பறிபோகும். அப்புறம் அவனும் தெய்வநாயகியும் மூன்று பெண்களும் ஊரார் படகில் கூலிக்குத்தான் நிற்க வேண்டும்.

தெய்வநாயகிக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் ஓரகத்தியிடம் போய்ப் பிரிய வேண்டாம் என்று கேட்க நாக்கு எழவில்லை. பச்சையம்மாவிடம் அவள் இதுவரை எதையும் கேட்டதில்லை. சொல்லித்தான் பழக்கம்.

பவுனம்மாள் இருந்திருந்தால் கதையே வேறு. அவள் புருஷன் கடலுக்குப் போய்த் திரும்பாத வருஷம், அவனுடைய அண்ணன் வந்து, தனி அடுப்பு எதற்கு, பிள்ளைகளோடு எங்கள் வீட்டுக்கே வந்துவிடு என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு கூப்பிட்டான். குப்பமே அவன் மனசைப் புகழ்ந்தது. தம்பியின் அடுப்பு அணைந்தால் போட்டிக்கு ஒரு அடையாளம் குறையும் என்பதைப் பவுனம்மாள் ஒருத்திதான் யோசித்தாள். எண்ணுகிற அன்று காலை கொடுவாக் குழம்பு வைத்து, வந்த நாட்டாரை உட்காரவைத்து இலை போட்டாள். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை அவள் வாய் திறக்கவில்லை. பிறகு, தின்ற வாயால் இந்த வீட்டில் அடுப்பு இல்லை என்று சொல்லிவிட்டுப் போங்கள் என்றாள். நாட்டார் சொல்லவில்லை. இன்னும் கொஞ்சம் குழம்புதான் கேட்டார். அங்கமுத்து துடுப்புப் பிடிக்கிற வயசு வரும்வரை, விதவைக்கு மட்டும் உண்டான சலுகையில், அந்தப் பாட்டைப் பாதிப் பங்குக்கு விட்டுப் பிள்ளைகளை வளர்த்தாள்.

அதற்காக அவளைப் பொறுமையின் சிகரம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அவள் ஒரு சுற்றுத் திட்டினால் உலாந்தாக்காரன் கோட்டை வாசல் பாராக்காரன் துப்பாக்கியை நிமிர்த்திப் பிடித்துக்கொள்வான் என்று கேலி பேசுவார்கள். பிள்ளைகளைத் திட்டுவதிலும் தனி முறை வைத்திருந்தாள். சின்னவன் துடுப்பைத் தொலைத்தால் பெரியவனைத் திட்டுவாள். பெரியவன் வலையைக் கிழித்தால் சின்னவனை. நியாயமா என்று கேட்டால் நியாயமில்லைதான். ஆனால் அண்ணன் திட்டு வாங்குவதைப் பொறுக்காமல் தம்பி தானாக வந்து உண்மையைச் சொல்லிவிடுவான்.

மாமியார் போனதும் தெய்வநாயகி அந்த இடத்தில் உட்கார்ந்தாள். அகப்பையும் அவள் கைக்கு வந்தது, அந்த நாக்கும் வந்தது. பார்த்தவர்கள் அப்படியே பவுனம்மாள்தான் என்றார்கள். அதைப் புகழ்ச்சி என்று எடுத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் கூடவே திட்டினாள்.

எண்ணுகிற நாளும் வந்தது. விடிந்தும் விடியாததுமாகப் பச்சையம்மா வேலியோரம் நின்று பக்கத்து வீட்டுக் குப்பம்மாளிடம் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். பாட்டுக்கு ஆசைப்பட்டது தன் புருஷன்தானாம். அவளுக்கு அதெல்லாம் பெரிசில்லையாம்.

"நாலு மாசமா எனக்கு வால்துண்டுதான் குப்பக்கா. அத்தை இருந்தவரைக்கும் எனக்குத்தான் மொதல்ல நடுத்துண்டு வெப்பாங்க."

கூரைக்கு இந்தப் பக்கம் உலை வைத்துக்கொண்டிருந்த தெய்வநாயகிக்கு இது கேட்டது. சுருக்கென்றது. நடுத்துண்டு தனக்கும் விழுந்ததுண்டு. மருமகள்கள் இரண்டு பேருக்கும் வைத்துவிட்டுத்தான் ஆண்களுக்கே வைப்பாள் மாமியார். அப்படியானால் அவள் எந்தத் துண்டைத் தின்றாள்? தெய்வநாயகி யோசித்துப் பார்த்தாள். இந்த வீட்டில் கால் வைத்துப் பதினாறு வருஷம். மாமியார் யாரை எப்போது எப்படித் திட்டினாள் என்று வார்த்தை மாறாமல் சொல்வாள். மாமியார் மீன் தின்று பார்த்த ஞாபகம் மட்டும் ஒன்றுகூட வரவில்லை. எல்லாரும் எழுந்த பிறகு, குழம்புச் சட்டியில் சோற்றைப் போட்டுத் துடைத்து உருட்டிக்கொண்டிருப்பாள். அதைச் சட்டி கழுவுகிற வேலை என்றே தெய்வநாயகி இத்தனை நாள் எண்ணியிருந்தாள்.

அதற்குள் நாட்டார் இரண்டு பேரோடு முற்றத்துக்குள் வந்துவிட்டார். வேலிக்கு வெளியே கூட்டம், எல்லாருக்கும் அந்த நேரம் பார்த்து அங்கேதான் வேலை. புது அடுப்பில் ஈர விறகு புகைந்து, பச்சையம்மா ஊதி ஊதி ஒருவழியாகத் தீ பிடித்தது. நாட்டார் ஒரு விரலை மடக்கினார். அடுத்த விரலை மடக்கக் கூரைப் பக்கம் திரும்பினார்.

தெய்வநாயகி உலைப்பானையைக் கீழே இறக்கினாள். பக்கத்திலிருந்த குடத்தைத் தூக்கித் தன் அடுப்பில் கவிழ்த்தாள். உஸ்ஸென்று சாம்பல் எழுந்தது. பவுனம்மாள் அணையவிடாமல் காத்த அடுப்பு.

"இன்னா பொண்ணே இது? அணைஞ்ச அடுப்புக்குப் பாடு கெடையாதுனு உனக்குத் தெரியாதா?"

"எங்க வூட்டு அடுப்பு அங்க எரியுதே நாட்டாரே," என்றாள்.

பாதி வெந்த சோற்றுப்பானையைத் தூக்கிக்கொண்டு முற்றத்தைக் கடந்து, பச்சையம்மாவின் மூன்று கல் மேல் வைத்தாள். இடுப்பில் செருகியிருந்த அகப்பையை எடுத்து அவளிடம் நீட்டினாள். பச்சையம்மா கையை நீட்டவும் இல்லை, மடக்கவும் இல்லை.

நாட்டார் உலகநாதனைப் பார்த்தார். அவன் சொல்வதுதான் இனி. என் அடுப்பு மட்டும் என்று அவன் சொல்லிவிட்டால் அண்ணன் அந்த நிமிஷமே பாடில்லாதவன். அங்கமுத்து விரல் மடங்காத கையை வேட்டிக்குள் மறைத்துக்கொண்டு நின்றான். உலகநாதன் அந்த வேட்டி மடிப்பையே கொஞ்ச நேரம் பார்த்தான்.

"ஒண்ணுதான் நாட்டாரே. ஏழு பேருக்கு ஒரே அடுப்பு. அண்ணன் பேர்ல போடுங்க."

மடக்கிய விரலோடு நாட்டார் அடுத்த வீட்டுக்கு நடந்தார். கூட்டம் மட்டும் போகவில்லை. இரண்டு பெண்கள் ஒரு அகப்பையோடு நிற்கும்போது எப்படிப் போவது?

பச்சையம்மா அகப்பையை வாங்கிக் குழம்பைக் கூட்டினாள். கண் புகையில் எரிகிறது, வேலிக்கு வெளியே பத்து முகம். உப்பை ஒருமுறை போட்டாள். போட்டோமா இல்லையா என்று சந்தேகம் வந்து இன்னொரு முறையும் போட்டாள். கொதித்து இறக்கியதும் நடுத்துண்டாகப் பார்த்து எடுத்து முதலில் தெய்வநாயகிக்கு வைத்தாள்.

தெய்வநாயகி ஒரு வாய் வைத்தாள். குப்பம்மாள் வேலியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். குழம்பில் உப்புக் கூடினால் தெய்வநாயகி என்ன பேசுவாள் என்பது குப்பத்தில் எல்லாருக்கும் மனப்பாடம். அவள் மென்றாள், விழுங்கினாள், தண்ணீர் குடித்தாள். இன்னொரு வாயும் வைத்தாள்.

"சோறு கொஞ்சம் கூட வெய்யி பச்சை," என்றாள்.