கருநீலக் கூடம்

ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். அவருக்குப் பெருமை என்று இருந்தது கண் ஒன்றுதான். கொட்டும் மழையிலும் தூரத்து சிக்னல் சிவப்பா பச்சையா என்று உதவியாளர் கண்ணைக் கசக்குவதற்குள் சொல்லிவிடுவார். அந்தக் கண்ணில் புரை விழுந்ததும் மனிதர் ஒடிந்துபோனார். ஆபரேஷனுக்குச் சம்மதிக்க வைக்க மகள் படாத பாடு பட்டாள். முதலில் ஒரு கண் மட்டும் என்று இறங்கி வந்தார். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருந்த தங்கை வீட்டில் சில வாரம் தங்கிவிட்டு, டாக்டர் கொடுத்த கறுப்புக் கண்ணாடியோடு மாப்பிள்ளையின் காரில் வீடு வந்து சேர்ந்தார்.

வெளியே வெயில் பளீரென்று அடித்தது. கேட் தெரிந்தது, படி தெரிந்தது. கதவைத் தள்ளிக் கூடத்துக்குள் காலை வைத்தார்.

ஒன்றும் தெரியவில்லை.

அவர் மனைவியின் தாத்தா கட்டிய வீடு அது. எட்டாத உயரத்தில் கூரை, ஆளுயர ஜன்னல்கள், அவற்றை மறைக்கும் தாழ்வாரம். அந்தக் கூடத்தில் வெள்ளையைத் தவிர வேறு நிறத்தை அவர் அண்ட விட்டதே இல்லை. இப்போது சுவரும் இல்லை, கூரையும் இல்லை. கிணற்றுக்குள் எட்டிப் பார்த்ததுபோல் இருந்தது. இருட்டுக்குள்ளிருந்து மகளின் குரல் வந்தது.

"வாங்கப்பா. எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கும்மா" என்றார். கெஞ்சிக் கூத்தாடிக் கூட்டிப்போனவள். இப்போது போய்க் கண் அவிந்துவிட்டது என்று எப்படிச் சொல்வது? தடவித் தடவி நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்தார். ஆபரேஷன் செய்த கண்ணைக் கையால் பொத்திப் பார்த்தார். மற்றதிலும் அதே கறுப்பு. இரண்டுமே போய்விட்டன.

"நிஜமாவா? நீங்க கத்துவீங்கன்னு பயந்துட்டே இருந்தேன்" என்றாள் மகள்.

"கத்தி என்ன ஆகப்போகுது. நடந்தது நடந்துடுச்சு."

"உங்க மாப்பிள்ளை முன்னாடியே சொல்லிடலாம்னுதான் சொன்னாரு. நான்தான் வேண்டாம்னுட்டேன்."

அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அப்ப உங்க ரெண்டு பேருக்கும் இது முன்னாடியே தெரியுமா?"

"பின்னே? முடிவு பண்ணினதே நான்தானே."

"என்னை ஒரு வார்த்தை கேட்காமலா?"

"கேட்டா ஒத்துக்கவா போறீங்க?"

"பெத்த அப்பன் கண்ணைப் பிடுங்கிட்டு பேசற பேச்சாம்மா இது?"

"என்னப்பா சொல்றீங்க?" என்ற மகளின் குரலில் உயிரே இல்லை.

"ஒண்ணுமே தெரியலம்மா. எல்லாம் கறுப்பா இருக்கு."

மாப்பிள்ளை கார் சாவியைத் தேடி ஓடும் சத்தம் கேட்டது. மகள் அவர் முன்னால் மண்டியிட்டு முகத்தைப் பிடித்தாள். பிடித்தவள் விரலில் கறுப்புக் கண்ணாடி இடித்தது; அதை மெல்லக் கழற்றினாள்.

வெளுத்துப்போன அவள் முகம் தெரிந்தது. கன்னத்தில் வழிந்த கண்ணீர்கூடத் தெரிந்தது. அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அது வந்து உட்காருவதற்குள் அவள் தோளுக்குப் பின்னால் பார்த்துவிட்டார்.

"அது என்னது? நம்ம செவுரா?"

தரையிலிருந்து கூரை ஓரம் வரை கருநீலம். மை பாட்டிலைக் கவிழ்த்ததுபோல் நாலு பக்கமும் ஒரே நிறம்.

"இந்தக் கூடத்துக்கு வெயிலே வராதுப்பா" என்றாள் மகள், மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "எத்தனை தடவ வெள்ளை அடிச்சாலும் அழுக்கு பிடிச்ச மாதிரியேதான் இருந்துச்சு. இவ்வளவு உயரமான பழைய வீட்டுக்கு அடர்த்தியான நிறம்தான் எடுப்பா இருக்கும்."

"எழவு வீடு மாதிரி இருக்கு. நாளைக்கே பெயிண்டரை வரச் சொல்லு."

"சரிப்பா" என்றாள் அவள்; அந்தச் 'சரி'தான் அவரை என்னவோ செய்தது. மாடிப்படி ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் கீழே பின்னறையில் சுவரைப் பார்த்துப் படுத்தார். அந்தச் சுவராவது வெள்ளையாக இருந்தது.

காலையில் பெயிண்டர் வெள்ளை டப்பாக்களோடு வந்து ஏணியைச் சாய்த்தார். "கூரை ஓரத்து வேலைப்பாட்டை அப்படியே விட்டுடலாமா சார்?"

எந்த வேலைப்பாடு என்று அண்ணாந்து பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். கருநீலத்துக்கு மேலே வெண்மையாக ஒரு சுதைக் கொடி கூடத்தைச் சுற்றி ஓடியது. இலை இலையாகப் பிரிந்திருந்தது. இலைகளுக்கு நடுவே குருவிகள். ஒன்று அலகைத் திறந்திருந்தது.

"இதையெல்லாம் எப்போ வெச்சீங்க?"

"நாங்க எங்கேப்பா வெச்சோம்?" என்றாள் மகள். "பழைய சுண்ணாம்பைச் சுரண்டினோம், உள்ளே இருந்துச்சு."

முன்பே யாரோ பூசியிருந்த சுண்ணாம்பின்மேல் மேலும் மேலும் அப்பியவர் அவர்தான். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து, தானே ஏணியில் ஏறி, வெள்ளைமேல் வெள்ளையாகப் பூசியிருக்கிறார். முகத்துக்கு நேரே இருந்தது ஒரு குருவி என்று தெரியவே இல்லை. மேடும் பள்ளமுமாக என்னவோ என்று நினைத்துப் பூசிவிட்டார். அவர் மனைவி கடைசிவரை அதைப் பார்க்காமலே போய்விட்டாள். ஏணியின் கீழ்ப்படியிலேயே உட்கார்ந்தார்.

"என்னப்பா, மறுபடியும் கண்ணா?" என்று மகள் ஓடி வந்தாள்.

"கண்ணு நல்லாத்தான் இருக்கு" என்றார். வெகுநேரம் மேலேயே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் பெயிண்டரிடம் சொன்னார்: "டப்பாவை எடுத்துட்டுப் போங்க. இது இப்படியே இருக்கட்டும்." பிறகு மகள் பக்கம் திரும்பி விரலை ஆட்டினார். "ஆனா ஒண்ணு. மாடியில என் அறையில மட்டும் யாரும் கை வைக்கக் கூடாது."

மாப்பிள்ளை ஜன்னலுக்கு வெளியே எதையோ மும்முரமாகப் பார்க்க ஆரம்பித்தார்.

"என்ன நிறம்?" என்றார் அவர்.

"பச்சைப்பா" என்றாள் அவள். "ரொம்ப அடர்த்தியெல்லாம் இல்ல."