பாலத்துக்கு அந்தப் பக்கம் இருந்த மருந்து

பக்கத்து வீட்டு சோலேஹாவின் மகனை அடக்கம் செய்த மறுநாள் காலையில், லதோஃபத்தின் மகள் மவ்சூனா ரொட்டி வேண்டாம் என்றாள்.

எல்லை ஆற்றுக்கு அக்கரையில், ஆப்கான் மண்ணில் அகதி முகாமில் இருந்தபோது, கீழே விழுந்த ரொட்டித் துணுக்கைக்கூட ஊதித் தின்ற பிள்ளை அவள். லதோஃபத் தேநீரில் நனைத்துக் கொடுத்துப் பார்த்தாள். மவ்சூனா விழுங்க முடியாமல் துப்பினாள்.

"தொண்டைக்குள்ள என்னமோ ஒட்டிக்கிட்டு இருக்கும்மா."

சோலேஹாவின் மகனும் இதையேதான் சொன்னான். பிறகு அவன் கழுத்து வீங்கியது, குரல் போனது. யாரோ சொன்னார்களென்று மண்ணெண்ணெயில் துணியை நனைத்து அவன் தொண்டைக்குள் துடைத்தார்கள். ரத்தமாக வந்தது. அவன் மூச்சுக்குத் தவித்துத் தவித்து அடங்கியதைத் தெருவே வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தது.

மகளை வெளிச்சத்துக்கு இழுத்துப்போய் வாயைத் திறக்கச் சொன்னாள். உள்நாக்குக்கு இரு பக்கமும் சாம்பல் நிறத்தில் தோல் போல ஒன்று படர்ந்திருந்தது. வாயிலிருந்து அழுகின பழத்தின் வாடை வந்தது.

தகோபி கிராமத்து ஜனங்கள் உள்நாட்டுப் போர் ஓய்ந்து ஊர் திரும்பிய முதல் குளிர்காலம் அது. பாதி வீடுகளுக்குக் கூரை இல்லை. முகாமில் கொடுத்த நீலத் தார்ப்பாயைச் சுவர்களின் மேல் இழுத்துக் கட்டி, பருத்திமாரை எரித்துக் குளிர் காய்ந்துகொண்டிருந்தார்கள். ஊர் மருந்தகத்தில் கதவு, ஜன்னல் சட்டம்கூட மிஞ்சவில்லை. போர் வந்த நாளிலிருந்து எந்தப் பிள்ளைக்கும் ஒரு தடுப்பூசி போட்டதில்லை. ஆஸ்பத்திரி என்றால் நகரத்துக்குத்தான் போக வேண்டும். நகரம் வக்ஷ் ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருந்தது.

அந்தப் பாலத்தை தகோபிக்காரர்கள் யாரும் தாண்டுவதில்லை. போரில் எதிர்ப்பக்கம் நின்றவர்கள் இப்போது அரசாங்கச் சீருடையில் அங்கே காவல் இருந்தார்கள். போர் மும்முரமாக இருந்தபோது லதோஃபத்தும் அவள் புருஷன் நஸ்ருல்லோவும் தப்பி ஓடிய பேருந்தை அங்கேதான் மறித்தார்கள். ஆம்பளைகளை மட்டும் இறங்கச் சொன்னார்கள். அவள் மகளின் முகத்தை மார்போடு அழுத்திக்கொண்டு குனிந்தே இருந்தாள். பூட்ஸ் கால்களைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. பேருந்து கிளம்பியபோது நஸ்ருல்லோ ஏறவில்லை. இன்றுவரை ஒரு தகவலும் இல்லை.

அன்று முற்பகலில் ஊருக்குள் ஒரு ஜீப் வந்தது. முன்சீட்டில் துப்பாக்கியோடு ஒரு சிப்பாய். அதைப் பார்த்ததும் தெருவில் ஒவ்வொரு கதவாகச் சாத்தும் சத்தம் கேட்டது. நஸ்ருல்லோவின் தம்பி அப்துசமத் மூச்சிரைக்க ஓடிவந்தான்.

"அண்ணி, தாழ்ப்பாளப் போடுங்க! பிள்ளைங்களுக்கு ஊசி போட வந்திருக்காங்களாம்."

"ஊசியா? டாக்டரா தம்பி?"

"டாக்டராம் டாக்டர்! துப்பாக்கியால முடிக்காம விட்டத ஊசியால முடிக்க வந்திருக்காங்க. திறக்காதீங்க, சொல்லிட்டேன்."

லதோஃபத் மகளைத் திரும்பிப் பார்த்தாள். மவ்சூனா மெத்தை விரிப்பில் சுருண்டு கிடந்தாள். தாடைக்குக் கீழே கழுத்து உப்ப ஆரம்பித்திருந்தது. லதோஃபத் கொழுந்தனைத் தள்ளிக்கொண்டு தெருவுக்கு ஓடினாள்.

ஜீப்பிலிருந்து இறங்கி நின்றது ஒரு பெண். டாக்டர் ஷாஹ்லோ. பருத்த உடம்பு, ஆம்பளைக் கோட்டு, குளிரில் சிவந்த மூக்கு.

"ஆண்டவா, இந்த ஊர்ல கூப்பிட்டா ஒரு மனுஷன் வர்றானா! இவ்வளவு நேரமா ஒரு கழுதைதான் எட்டிப் பாத்துச்சு," என்று இரைந்துகொண்டிருந்தாள். லதோஃபத்தின் முகத்தைக் கண்டதும் குரல் மாறியது. "பிள்ளை எங்கம்மா?"

டாக்டர் வீட்டுக்குள் வந்து, கரண்டிக் காம்பால் நாக்கை அழுத்தி டார்ச் அடித்துப் பார்த்தாள்.

"தொண்டை அடைப்பான். இப்பவே கிளம்பணும். இதுக்குத் தடுப்பூசி பத்தாது, வேற மருந்து வேணும். அது நகரத்து ஆஸ்பத்திரிலதான் இருக்கு."

"பாலத்தத் தாண்டியா?" என்றான் அப்துசமத். "டாக்டரம்மா, உங்களுக்கென்ன, நீங்க தலைநகரத்து ஆளு. எங்க அண்ணன் அந்தப் பாலத்துலதான் போனாரு. இவங்களையும் அதே வழியில அனுப்பச் சொல்றீங்களா?"

"அப்போ இங்கயே வெச்சு நீயே பாத்துக்கிறியா? பக்கத்துல புதுசா ஒரு மண்மேடு பாத்தேன். அதுக்குப் பக்கத்துலயே இன்னொண்ணு வெட்டிடு."

லதோஃபத் மகளைக் கம்பளியில் சுற்றித் தூக்கினாள். அவளுக்கும் அந்தப் பாலத்தை நினைத்தால் பயம்தான். ஆனால் பிள்ளையின் மூச்சு ஒவ்வொரு தடவையும் கரகரவென்று இழுப்பது அவள் காதுக்கு வெகு அருகில் கேட்டது.

"நான் திரும்பி வரலேன்னா பரவாயில்ல தம்பி. வழி விடு."

ஜீப் பாலத்தை நெருங்கியபோது அவள் பழையபடி குனிந்துகொண்டாள். வண்டி நின்றது. காவல் இருந்தவர்களின் தலைவன் சைமுமின் என்பவன். அவன் பெயரை தகோபியில் சொல்லித்தான் பிள்ளைகளை அடக்குவார்கள். அவன் ஜன்னலுக்குள் தலையை விட்டான்.

"என்ன டாக்டரம்மா, போகும்போது காலி வண்டி, வரும்போது சவாரியா? யாரு இது? தகோபிக்காரியா?"

"நோயாளி."

"எறங்கச் சொல்லு. துணிக்குள்ள என்ன சுத்தியிருக்கான்னு பாக்கணும்."

லதோஃபத்தால் எழ முடியவில்லை. டாக்டர் நிதானமாகக் கதவைத் திறந்துவிட்டாள்.

"தாராளமா பாரு. தொண்டை அடைப்பான். மூச்சுலயே ஒட்டிக்கும். குனிஞ்சு நல்லா மோந்து பாரு, வாடை வரும்."

சைமுமின் விருட்டென்று பின்வாங்கினான். அவனுக்குப் பின்னால் நின்ற தாடிக்காரர்கள், எத்தனையோ பேரைத் தெருவில் மண்டியிட வைத்தவர்கள், கழுத்துத்துணியை இழுத்து மூக்கை மூடிக்கொண்டு தடுப்புக்கட்டைக்கு அப்பால் போய் நின்றார்கள். ஒருவன் அவசரமாகக் கட்டையைத் தூக்கினான்.

ஜீப் பாலத்தில் பாதி போயிருக்கும். பின்னாலிருந்து ஓட்டச் சத்தம். வண்டியின் தகரத்தில் தடதடவென்று தட்டினார்கள். லதோஃபத் கண்ணை மூடி, சாகுமுன் சொல்லும் கலிமாவைச் சொன்னாள். இதோ, முடிந்தது என்று நினைத்தாள்.

சைமுமின்தான். தன் ஆட்களுக்குக் கேட்காதபடி தாழ்ந்த குரலில் டாக்டரிடம் கேட்டான்.

"என் பையன் இக்ரோம்... நேத்துலேர்ந்து தொண்டை வலிக்குதுங்கறான். அவுங்கம்மா குளிருன்னு சொல்றா. அது... அதுவா இருக்குமா?"

"தூக்கிட்டு வா. சாயங்காலம், நாளைக்கின்னு நிக்காதே. இப்பவே."

ஆஸ்பத்திரியில் மின்சாரம் இல்லை. ஜன்னல்களில் கண்ணாடிக்குப் பதில் பிளாஸ்டிக் தாள். குளிர்பெட்டி ஓடாததால் மருந்துக் குப்பிகளை ஒரு வாளியில் பனியைப் போட்டு அதன் நடுவில் வைத்திருந்தார்கள். குதிரை ரத்தத்திலிருந்து எடுத்த சீரம். உடம்புக்கு ஒத்துக்கொள்ளுமா என்று முதலில் தோலில் துளியளவு குத்திப் பார்த்துவிட்டுத்தான் முழு ஊசி. அந்தக் காத்திருப்பை லதோஃபத்தால் தாங்க முடியவில்லை. மவ்சூனாவின் உதடு நீலம் பாய்ந்திருந்தது. ஊசி தொடையில் இறங்கியபோது அவள் அழக்கூட இல்லை.

"ராத்திரிக்குள்ள இன்னொண்ணு போடணும். ரொம்ப முத்திப்போச்சு," என்றாள் டாக்டர்.

சொல்லி முடிப்பதற்குள் சைமுமின் மகனைத் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டான். மற்றத் தோளில் துப்பாக்கி. வார்டு என்று இருந்தது ஒரே அறை. பையனை அடுத்த கட்டிலில் கிடத்தினான். டாக்டர் பார்த்துவிட்டு, அதேதான், ஆனால் ஆரம்பநிலை என்றாள்.

"எத்தனை குப்பி இருக்கு?" அவன் வாளிக்குள் எட்டிப் பார்த்தான். "எல்லாத்தையும் இவனுக்குப் போடு."

"இவனுக்கு ஒண்ணு போதும். மிச்சம் அந்தப் பொண்ணுக்கு."

"அந்தப் பொண்ணா? அவ அப்பனுங்க எங்கள என்ன பண்ணினாங்கன்னு தெரியுமா உனக்கு? எல்லாம் இவனுக்குன்னு சொன்னேன்ல."

துப்பாக்கி அவன் கைக்கு வந்திருந்தது. லதோஃபத் யோசிக்கவில்லை. மகளின் மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டாள். முதுகில் குண்டு பாயும் இடம் எதுவென்று உடம்பு அதுவாகவே தேடிக்கொண்டிருந்தது.

டாக்டருக்கும் பயம்தான், ஆனாலும் வாளியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "சுடணும்னா சுடு. ஆனா அப்புறம் உன் பையனுக்கு ஊசி நீதான் போடணும். எவ்வளவு போடணும்னு தெரியுமா? அளவு மீறினா என்ன ஆகும்னு தெரியுமா? இங்க என்னை விட்டா வேற டாக்டர் கிடையாது. எல்லாரும் ஓடிட்டாங்க. உங்களாலதான் ஓடிட்டாங்க."

"அப்பா," என்றான் இக்ரோம் கரகரத்த குரலில். "வேணாம்ப்பா."

சைமுமின் துப்பாக்கியை வெளியே கொண்டுபோய்ச் சுவரில் சாத்திவிட்டு வந்தான்.

இரண்டாவது ஊசிக்குப் பிறகு, மறுநாள் மவ்சூனாவின் மூச்சு இலேசானது. அந்தச் சாம்பல் தோல் ஓரத்தில் சுருண்டு கழன்றது. லதோஃபத் சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள். ஆனால் டாக்டர் சிரிக்கவில்லை. மவ்சூனாவுக்குத் தேநீர் கொடுத்தால் மூக்கு வழியே வந்தது; பேச்சு மூக்கால் பேசுவது போலாகிவிட்டது. நோயின் விஷம் நரம்பில் ஏறியிருக்கிறது, அது சரியாகிவிடும் என்றாள் டாக்டர்.

"எனக்குப் பயம் நெஞ்சப் பத்திதான். இந்த விஷம் இதயத்தப் பிடிக்கும். பிள்ளை நல்லா தெளிஞ்ச மாதிரியே இருக்கும், ஆனா எழுந்து ஓடினா நெஞ்சு நின்னுடும். நான் சொல்ற வரைக்கும் ரெண்டு பேரும் படுத்தே கிடக்கணும். மூத்திரம்கூடப் படுத்தபடிதான்."

இக்ரோம் சீக்கிரமே தெளிந்துவிட்டான். கட்டிலில் கிடந்தபடியே மவ்சூனாவுக்கு மூஞ்சியைக் கோணிக்காட்டிச் சிரிக்க வைத்தான். "ஏய், வாத்து மாதிரி பேசுறியே, இன்னொரு தரம் பேசு!" என்பான். அவள் வேண்டுமென்றே மூக்கால் அவனைத் திட்டுவாள். லதோஃபத்துக்கு அதுகூடப் பயமாக இருந்தது. சைமுமின் வரும்போதெல்லாம் மகளைச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுக்கச் சொல்வாள்.

ஒருநாள் அவன் மகனைத் தூக்கிக்கொண்டு கிளம்பினான். டாக்டர் வாசலை மறித்தாள். "பையன் நல்லா இருக்கான். இந்தக் குளிர்ல, இவங்களோட கிடந்தா வேற வியாதிதான் வரும். வீட்டுல படுக்க வெச்சுக்கறேன்," என்றான். அவளால் தடுக்க முடியவில்லை.

அந்த வாரமே ஒரு காலையில் செய்தி வந்தது. இக்ரோம் எழுந்து முற்றத்தைத் தாண்டி ஓடியிருக்கிறான். தொழுவத்து வாசலிலேயே விழுந்துவிட்டான். தூக்கிப் பார்த்தபோது உயிர் இல்லை.

ஆஸ்பத்திரியில் கிசுகிசுத்தார்கள். பெருக்க வருகிறவள் லதோஃபத்தின் காதுபடவே சொன்னாள்: "அவளுக்கு ரெண்டு ஊசி, இவனுக்கு ஒண்ணு. அவன் சும்மா விடுவானா?" லதோஃபத் கதவைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். ஓடிப்போகலாமென்றால் மகளை எழுப்பக் கூடாது. அங்கேயே இருந்தால் அவன் வருவான்.

வந்தான். துப்பாக்கி இல்லை. முகச்சவரம் செய்யாமல், இரவெல்லாம் வெளியில் நின்றவன் போல இருந்தான். நேராக டாக்டரிடம் போனான்.

"ஒரே ஒரு கேள்வி. இன்னொரு ஊசி போட்டிருந்தா பொழச்சிருப்பானா? பொய் சொல்லாதே."

டாக்டர் அவனை நிமிர்ந்து பார்த்தாள். "இல்ல. மருந்து அவனுக்குப் போதுமானதாத்தான் இருந்துச்சு. அவன் படுத்திருக்கணும். அவ்வளவுதான்."

சைமுமின் தலையை ஆட்டினான். "மாடு புதுசா கன்னு போட்டிருந்துச்சு. பாக்கணும் பாக்கணும்னு ஒரே பிடிவாதம். சரி, போய்ப் பாத்துட்டு வான்னு நான்தான் சொன்னேன்."

இக்ரோம் கிடந்த கட்டிலில் உட்கார்ந்தான். லதோஃபத் மகளுக்கும் அவனுக்கும் நடுவே நகர்ந்து நின்றுகொண்டாள். அவன் அதைப் பார்த்தான். அவளைத் தாண்டி மவ்சூனாவைப் பார்த்தான்.

"எழுந்திருக்க விடாதே," என்றான். "கெஞ்சுவா. அழுவா. விடாதே."

போய்விட்டான்.

அதன்பின் அவனை அவள் பார்க்கவில்லை. அப்துசமத் மட்டும் ஒருநாள், பாலத்தை நடந்தே கடந்து, ரொட்டி மூட்டையோடு வந்து சேர்ந்தான். வியர்த்து வழிந்தான். "ஒருத்தனும் ஒண்ணும் கேக்கல அண்ணி. அதுதான் பயமா இருந்துச்சு," என்றான். ஊசிக்காரர்கள் தகோபிக்கு மறுபடி வந்ததையும், சோலேஹாதான் முதலில் தன் மிச்சப் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வரிசையில் நின்றதையும் சொன்னான். "எனக்கும் குத்திட்டாங்க. கை இங்க பாருங்க, பூசணிக்கா மாதிரி வீங்கிக் கிடக்கு."

வாதுமை மரங்கள் பூக்கத் தொடங்கியபோது டாக்டர் ஷாஹ்லோ மவ்சூனாவின் நெஞ்சில் குழலை வைத்து நெடுநேரம் கேட்டாள். இடம் மாற்றி மாற்றிக் கேட்டாள். கடைசியில் காதிலிருந்து எடுத்துவிட்டு, "உக்காரட்டும்," என்றாள்.

லதோஃபத் அசையவில்லை. அவள் கை மகளின் தோளை அழுத்திப் பிடித்திருந்தது.

"கைய எடும்மா. உக்காரலாம்னு சொன்னேன்."

"கொஞ்ச நேரம் கழிச்சு... நாளைக்கு..."

"அம்மா, விடும்மா," என்றாள் மவ்சூனா. குரலில் மூக்கொலி ஏறக்குறைய போயிருந்தது.

லதோஃபத் ஒவ்வொரு விரலாக எடுத்தாள். மவ்சூனா கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு மெல்ல நிமிர்ந்தாள். தலை சுற்றியதில் ஒருகணம் கண்ணை மூடினாள். பிறகு பிள்ளை கண்ணைத் திறந்து, ஜன்னலுக்கு வெளியே பனி உருகிச் சேறாகிக் கிடந்த முற்றத்தைப் பார்த்து, பசிக்கிறது என்றாள்.