பெருக்கல் மேலே, வட்டம் கீழே

பண்ணை டீச்சருக்குத் தலை கிறுகிறுத்தது. குஞ்சு பொரிக்கிற பெட்டிக்குள் இருந்த முட்டைகள் அத்தனையும் வட்டத்தைக் காட்டிக்கொண்டு கிடந்தன. காலையில் முதல் மணிக்கு முன்னால் ஒவ்வொன்றாகத் திருப்பி, பெருக்கல் குறி மேலே வர வைத்துவிட்டுத்தானே போனாள்? போனாளா, இல்லையா? அதுதான் இப்போது தெரியவில்லை.

அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் சின்னதாக ஒரு பண்ணை உண்டு. ஆடு, வாத்து, முயல், கொஞ்சம் காய்கறிப் பாத்தி. பிள்ளைகள் வகுப்பு வகுப்பாக வந்து மண்ணை அளைந்து, ஆட்டிடம் முட்டு வாங்கி, பாடம் படித்துவிட்டுப் போவார்கள். நடத்துவது ஒரு புருஷனும் பெண்டாட்டியும். அவர் பண்ணை சார், இவள் பண்ணை டீச்சர். அந்தப் பெட்டி அரதப் பழசு. சூடு கொடுக்கும், முட்டையைத் திருப்பாது. கோழி செய்கிற வேலையை மனுஷர்தான் செய்தாக வேண்டும். அதற்காக சார்தான் முட்டைகளில் பென்சிலால் ஒரு பக்கம் பெருக்கல், மறுபக்கம் வட்டம் போட்டார். காலையில் பெருக்கல் மேலே, மாலையில் வட்டம் மேலே. திருப்புவது அவள் வேலை. ஆடும் வாத்தும் அவர் பாடு.

போன தடவை ஒரு குஞ்சுகூட வெளியே வரவில்லை. "ஒரே பக்கமா கிடந்திருக்கு டீச்சர். உள்ள ஒட்டிக்கிச்சு" என்று கால்நடை டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். ஒன்றாம் வகுப்பு மொத்தமும் ஓவென்று அழுதது. அன்றைக்கே அவளுக்குத் தன் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. ஏனென்றால் அவளுடைய அம்மா கடைசிக் காலத்தில் பெற்ற மகளைப் பார்த்து, "நீங்க யாரும்மா, உட்காருங்க" என்று மரியாதையாகச் சொன்னவள். அந்த வியாதி நமக்கும் வந்துவிட்டதோ என்று பயந்து பயந்து செத்துக்கொண்டிருந்தாள் டீச்சர். நேற்று ஆட்டுக் கொட்டில் கதவு திறந்து கிடந்தது. "நீ திறந்து போட்டியா?" என்று அவர் கேட்டபோது, யோசிக்காமல் ஆமாம் என்று தலையாட்டிவிட்டாள். வேறு யார் திறந்திருப்பார்கள்?

இன்றைக்கு வட்டத்தைப் பார்த்ததும் முடிவு செய்துவிட்டாள். முட்டைகளை மறுபடி பெருக்கலுக்குத் திருப்பினாள். மத்தியானம் பள்ளிக்கூடத்தை நடத்துகிற பெரிய டீச்சரைப் பார்த்து, வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட வேண்டியதுதான். பச்சைப் பிள்ளைகள் நடமாடுகிற இடம். இன்று முட்டை, நாளை ஒரு பிள்ளையை மறந்து கொட்டிலில் வைத்துப் பூட்டினால்? தீவன மூட்டைகளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து, முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள்.

அப்போதுதான் சார் உள்ளே வந்தார். பெட்டியைக் குனிந்து பார்த்தார். "ச்சே, பாவம்" என்றார் தனக்குள். மூடியைத் திறந்து, ஒவ்வொரு முட்டையாகப் பதமாகத் திருப்பி வட்டத்தை மேலே கொண்டுவந்தார். மூடிவிட்டு வாளியை எடுத்தார்.

அடப்பாவி மனுஷா! அவளுக்கு உயிர் திரும்பி வந்தது. சந்தோஷத்தில் மூட்டை சரிய எழுந்து வந்தாள்.

"நல்லா இருக்கீங்களே! இத்தனை நாளும் நீங்கதானா? நான் பைத்தியம் புடிச்சு அலையறேன்."

"என்னத்தைச் சொல்ற?"

"முட்டையைத்தான். எதுக்குத் திருப்புனீங்க?"

"நான் எங்க திருப்புனேன்? வாளி எடுக்க இப்பத்தானே உள்ள வரேன்."

அவள் சிரித்தாள். கல்யாணமான நாளிலிருந்து இவர் பண்ணாத கிண்டலா? ஆனால் பொய் சொல்லும்போது அவருக்கு உதட்டோரம் ஒரு துடிப்பு வரும். அதைத் தேடினாள். வரவில்லை. அவர் அவளையே கவலையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"விளையாடாதீங்க. பெருக்கல்தானே காலையில மேல இருக்கணும்?"

"காலையில வட்டம்மா" என்றார், ஒன்றாம் வகுப்புக்குச் சொல்கிற பொறுமையோடு. திரும்பிப் பெட்டியைப் பார்த்தார். நெற்றி சுருங்கியது. "இல்ல... பெருக்கலா? பாரு, நீ இன்னும் திருப்பாமலே வெச்சிருக்க. தள்ளு, நான் பண்றேன்." மூடியைத் திறந்து முதல் முட்டையை மறுபடி கையில் எடுத்தார்.

தனக்கு ஒன்றுமில்லை என்று சற்றுமுன் துள்ளிய மனசை நினைத்து அவளுக்கு வெட்கமாக இருந்தது. கொட்டில் கதவு யார் வேலை என்பதும் இப்போது புரிந்தது. ஐயோ, எனக்கே இருந்திருக்கக் கூடாதா என்று நினைத்தாள்.

அவர் முட்டைகளைத் திருப்பி முடித்துவிட்டுத் தயங்கித் தயங்கிப் பேசினார். "சொன்னா கோவிச்சுக்காத. நீ கொஞ்ச நாளா ரொம்ப மறக்கற. உங்கம்மாவுக்கு இருந்தது வேற மனசுல ஓடுது. எனக்குத் தூக்கமே இல்ல. ஒரு டாக்டர்கிட்ட காட்டிடலாமா?"

அவள் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். முட்டைச் சூடு இன்னும் அதில் இருந்தது.

"காட்டலாங்க. நாளைக்கே போலாம்" என்றாள். "எனக்குத் தனியா போக பயமா இருக்கு. நீங்களும் கூட உள்ள வந்து உட்காருங்க. உங்களையும் ரெண்டு கேள்வி கேப்பாங்க, சொல்லுங்க."

"அதுக்கென்ன, வரேன்" என்றார் அவர். "நீ பயப்படாத. நான் இருக்கேன்ல."