ஐந்து மணி நாடகம்

குலசேகரம் கெட்டுப்போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தொலைக்காட்சிக்கு முன்னால். எண்பத்தொன்பதாம் ஆண்டு அது. நாடகம் போட்டே வாழ்ந்து தீர்த்த ஒரு மனிதரின் கதை, ஆட்டமும் பாட்டுமாய் மூன்று மணி நேரம் ஓடுகிற பழைய ஹாலிவுட் படம். அந்த மனிதர் யாருக்காகவும் காத்திருக்கமாட்டார். நேரம் வந்தால் திரை விலகும். பெற்றோல் ஷெட்டில் ஷிப்ட் நின்றுவிட்டு, வருடத்துக்கொருமுறை மிச்சம்பிடித்த காசில் பள்ளிக்கூட மண்டபம் எடுத்துத் தமிழ் நாடகம் போடுகிறவருக்கு இது போதாதா?

“இந்தமுறை ஐஞ்சு எண்டால் ஐஞ்சுதான்,” என்றார் மனைவியிடம்.

சிவனேஸ்வரி சிரித்தாள். அழைப்பிதழில் ஐந்து என்று கண்டால் லண்டனில் நம் சனம் ஆறுக்குத்தான் சேலையே தேடும். அவருக்கும் அது தெரியும். என்ன செய்ய, படம் தலைக்கேறிவிட்டது.

அவளுக்கு வேறொரு குறை இருந்தது. ஒன்பது வருடமாக அவர் நாடகம் போடுகிறார். ஒன்றைக்கூட அவள் பார்த்ததில்லை. வருகிற சனத்துக்குத் தேத்தண்ணியும் றோல்ஸும் கொடுக்கவேண்டும், சமையலறையை விட்டு அசையமுடியாது. குளியலறைக்குள் அவர் ஒத்திகை பார்ப்பதைக் கேட்டுக் கேட்டு வசனமெல்லாம் அவளுக்குப் பாடம். சொல்லும்போது அவர் முகம் எப்படியிருக்கும் என்பதுதான் தெரியாது. ஒரு தடவையாவது பார்த்துவிடவேண்டும் என்ற ஆசையை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

நாடக நாளும் வந்தது. ஐந்து மணிக்கு இருநூறு கதிரையிலும் ஈ காக்கை இல்லை. கூட நடிக்கும் பரமேஸ்வரன், கொஞ்சம் பொறுப்போம் என்று கெஞ்சினார். குலசேகரம் மசியவில்லை. திரை இடுக்கால் எட்டிப் பார்த்தவர் கண்ணில், வேலையில்லாமல் சமையலறை வாசலில் நின்ற மனைவி பட்டாள்.

“ஈஸ்வரி, வந்து முன்னுக்கு இரும்.”

முன்வரிசை பிரமுகர்களுக்கு, பெயர் எழுதி ஒட்டியிருந்தது. அவள் தயங்கித் தயங்கி ஒரு டாக்குத்தரின் கதிரையில் உட்கார்ந்தாள்.

மனைவியை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டுத் தனியே சமைக்கப் பழகும் தபால்காரராக வந்தார் குலசேகரம். உப்பைத் தேடி அவர் அல்லாடியபோது அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அந்தப் பெரிய மண்டபத்தில் அது ஒன்றுதான் சிரிப்பு. கடைசிக் காட்சியில் இரண்டு கோப்பையில் சோறு போட்டு வைத்துவிட்டு வெறும் கதிரையோடு பேசினார். கேட்டுப் புளித்த வசனம்தான். ஆனால் இந்த முகத்தை இத்தனை நாளும் எங்கே ஒளித்து வைத்திருந்தார் இந்த மனிதர் என்று அவளுக்குக் கோபமே வந்தது. கண்ணீர் நிற்கவில்லை, நிறுத்தவும் அவள் பார்க்கவில்லை.

ஆறே முக்காலுக்கு நாடகம் முடிய, சனம் வரத் தொடங்கியது. இன்னும் தொடங்கவில்லையா என்று வேறு கேட்டார்கள். பரமேஸ்வரன் தலையில் கைவைத்தார். மண்டபம் ஒன்பது மணிவரை அவர்கள் கையில் இருந்தது. முதலிலிருந்து திரும்பப் போடுவதென்று முடிவாயிற்று. வேர்த்து வழியும் ஒப்பனையோடு குலசேகரம் இறங்கி அவளிடம் வந்தார்.

“எப்பிடி இருந்தது?”

ஒன்பது வருடத்தில் முதல் தடவையாகக் கேட்கிறார்.

“அழப்பண்ணிப் போட்டியள்.”

அவர் அவள் தோளைத் தொட்டுவிட்டு மேடைக்குப் போனார். அதற்குள் டாக்குத்தர் வந்து கதிரைக்குப் பக்கத்தில் நின்று செருமினார். சமையலறைப் பக்கமிருந்து யாரோ தேத்தண்ணி எங்கே என்று கூப்பிட்டார்கள். சிவனேஸ்வரி எழும்பவில்லை.

“தேத்தண்ணிக் கேத்தில் அங்கதான் இருக்கு, டொக்டர். போட்டு எல்லாருக்கும் குடுங்கோ. நான் நாடகம் பாக்கவேணும்.”