பதினொரு சேவைகளும் ஒரு வெள்ளைக் கோட்டும்

தூத்துக்குடியில் அந்தக் கல்லூரியின் மாணவர் ஆதரவு மையத்தில் பதினொரு சேவைகள் உண்டு. மனநல ஆலோசனை, வேலைவாய்ப்பு வழிகாட்டல், குறைதீர்ப்பு, முதலுதவி, தொலைந்த பொருள் மீட்பு என்று வாசலில் நீலப் பலகையில் வரிசையாக எழுதியிருக்கும். பதினொன்றுக்கும் சேர்த்து ஒரே அறை. அந்த அறையின் சாவி வாட்ச்மேன் அய்யாக்குட்டி அண்ணாச்சியின் இடுப்பில் இருக்கும். அண்ணாச்சி எங்கே இருப்பார் என்று கண்டுபிடித்துச் சொல்வது பன்னிரண்டாவது சேவை. அதைக் கல்லூரி இன்னும் தொடங்கவில்லை.

மூன்றாம் ஆண்டு பி.காம். படிக்கும் தளவாய்க்குப் பலகையின் முதல் வரி அவசரமாகத் தேவைப்பட்டது. ஏரலிலிருந்து அவன் வரும் பஸ், முள்ளக்காட்டைத் தாண்டியதும் துறைமுகத்துக்குப் போகும் லாரி வரிசையில் மாட்டிக்கொள்ளும். கல்லூரியிலோ முதல் பீரியடில் எடுப்பதுதான் வருகை. ஆக, ஒரு நாள் தவறாமல் கல்லூரிக்கு வந்துகொண்டிருந்த தளவாயின் வருகை அறுபத்தேழு சதவீதம். எழுபத்தைந்துக்குக் குறைந்தால் ஹால் டிக்கெட் கிடையாது.

அதற்காகக் கல்லூரி இரக்கமற்றது என்று சொல்லிவிட முடியாது. வருகை குறைந்தவன் மனநல ஆலோசனையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து சான்றிதழ் வாங்கிவந்தால் ஹால் டிக்கெட் தரலாம் என்று விதி இருந்தது. ஆலோசகர்தான் இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன்பே மன அழுத்தம் தாங்காமல் வேலையை விட்டுவிட்டார்.

மையத்தின் பொறுப்பாளர் எஸ்றா சார். நாசரேத்துக்காரர், ஆங்கிலப் பேராசிரியர், மேற்படி விதியைத் தன் கையால் எழுதியவர். தசராவுக்கு முந்தின வாரம் அவரே தளவாயைக் கூப்பிட்டு அனுப்பினார்.

“ஏலே, அடுத்த வாரம் புதன்கிழமை ஆய்வுக்குழு வருது. ஆலோசனை மையத்துல ஒருத்தன் ஆலோசனை வாங்கிட்டு இருக்கணும். அது நீதான்.”

“ஆலோசகர் யாரு சார்?”

“சாத்தான்குளத்துல இருந்து செல்வராணி மேடம் ஒரு நாளைக்கு வாராங்க. நெசமான ஆலோசகர். நீ அவங்க முன்னால கவலையா உக்காரு. சாயங்காலம் சான்றிதழ்ல நான் கையெழுத்துப் போடுதேன்.”

“என்ன கவலை சார்?”

“ஹால் டிக்கெட் வராதுன்னு கவலைப்படு.”

“அது நெசமாவே இருக்கே சார்.”

“அப்போ நடிக்க வேண்டாம். வசதியாப் போச்சு.”

புதன்கிழமை என்பது குலசேகரன்பட்டினத்துத் தசராவின் ஏழாம் நாள் என்பதை இருவருமே யோசிக்கவில்லை. கிறிஸ்தவரான எஸ்றா சார் யோசிக்காததில் நியாயம் இருந்தது. தளவாய் மறந்ததற்கு மன்னிப்பே கிடையாது. அவன் அம்மா பேச்சித்தாய், மகனுக்கு டெங்கு குணமானால் டாக்டர் வேஷம் கட்டி அனுப்புவதாக முத்தாரம்மனுக்கு நேர்ந்திருந்தாள். அம்மனுக்கு நேர்ந்துகொண்டவர்கள் காளியாக, கரடியாக, போலீஸாக வேஷம் போட்டுத் தெருத் தெருவாகக் காணிக்கை வாங்கி, போட்டவர்களுக்குத் திருநீறு பூசி, காசைக் கோயிலில் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். அந்தப் பத்து நாளும் இந்தக் கடற்கரையில் யார் எதை உடுத்திக்கொண்டு வந்தாலும் ஜனங்கள் திகைப்பதில்லை. கையில் காசைப் போட்டுவிட்டுத் தங்கள் வேலையைப் பார்ப்பார்கள். காலையில் கட்டிய வேஷத்தைப் பொழுது அடையும்வரை கழற்றக் கூடாது என்பது தளவாயின் குழுவில் கட்டுப்பாடு.

ஆகவே புதன்கிழமை பத்து மணிக்கு, வெள்ளைக் கோட்டும் கழுத்தில் ஸ்டெதஸ்கோப்புமாக, செருப்பில்லாத காலோடும் சிவப்புத் துணி சுற்றிய உண்டியலோடும் திருநீற்றுப் பையோடும் தளவாய் கல்லூரி வாசலில் வந்து நின்றான்.

“வாங்க டாக்டர்,” என்று அய்யாக்குட்டி அண்ணாச்சி உண்டியலில் ஒரு நாணயத்தைப் போட்டார். “முழங்காலு ரெண்டும் நோவுது. என்னன்னு பாருங்க.”

“அண்ணாச்சி, நான் பி.காம்.”

“அதான பாத்தேன். இப்பதாம்லே ஒரு வக்கீலு வேஷம் உள்ள போச்சு. கறுப்புக் கோட்டு, செவப்பு டை, கையில ஃபைலு. அப்படி ஒரு கச்சிதம். பத்து ரூவா போட்டுட்டுத் துன்னூறு கேட்டேன், பேந்தப் பேந்த முழிக்கான். புது ஆளு போல.”

நம் குழுவில் வக்கீல் யாரும் இல்லையே என்று நினைத்துக்கொண்டே தளவாய் உள்ளே போனான். வராந்தாவில் எஸ்றா சார் போனும் கையுமாக வேர்த்துக்கொண்டிருந்தார். செல்வராணி மேடம் வரும் கார் முள்ளக்காட்டில், லாரிகளுக்குப் பின்னால் நின்றது.

“கோட்டக் கழத்துலே,” என்றார் அவர், முதல் வேலையாக.

“முடியாது சார். அம்மன் காரியம்.”

எஸ்றா சார் வானத்தைப் பார்த்தார். அங்கேயும் பொறுப்பாளர் யாரும் தென்படவில்லை போலும். “சரி, உள்ள போய் உக்காரு. குழுவ நான் முதல்வர் ரூம்ல டீயும் மஸ்கோத்து அல்வாவும் குடுத்துப் பிடிச்சு வைக்கேன்.”

அறையில் மேசைக்கு முன்னால் ஒரு நாற்காலி, பின்னால் ஒரு நாற்காலி. மற்றபடி உடைந்த பெஞ்சுகளும் கிரிக்கெட் மட்டைகளும் பழைய ரத்ததான முகாம் பேனரும். மின்விசிறி மேசைக்குப் பின்னால் இருந்த நாற்காலிக்கு மேலேதான் ஓடியது. வெயிலுக்குக் கோட்டு போட்டவன் வேறு எங்கே உட்காருவான்? தளவாய் விசிறிக்கடியில் உட்கார்ந்தான்.

கதவு திறந்தது. கறுப்புக் கோட்டு, சிவப்பு டை, கையில் ஃபைல்.

“சிவப்பிரகாஷ். ஆய்வுக்குழு,” என்றார் வந்தவர். “டீ அப்புறம் குடிச்சுக்கலாம்னு நேரா இங்க வந்துட்டேன். உட்காரலாமா டாக்டர்?”

தளவாயின் மூளை அன்றைக்குத்தான் முதல் தடவையாக நேரத்துக்கு வந்து வேலை செய்தது. நான் மாணவன் என்றால், ஆலோசகர் எங்கே என்பார். ஆலோசகர் இல்லையென்றால் கல்லூரி மாட்டும். கல்லூரி மாட்டினால் எஸ்றா சாரின் கையெழுத்து போயிற்று. கையெழுத்து போனால் ஹால் டிக்கெட் போயிற்று.

“உக்காருங்க சார்,” என்றான் தளவாய்.

சிவப்பிரகாஷ் ஃபைலைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்து மறுபடி மூடினார்.

“கேள்வியெல்லாம் இருக்கு. அதுக்கு முன்னாடி ஒண்ணு. இங்க பேசுறது வெளியே போகாதே?”

தளவாய் உடைந்த பெஞ்சுகளை ஒரு பார்வை பார்த்தான். “இந்த ரூமுக்குள்ள வந்தது எதுவுமே வெளிய போனதில்ல சார்.”

அவர் கோட்டுப் பையிலிருந்து நாணயங்களை எடுத்து மேசைமேல் பரப்பினார். “முப்பது வருஷம் பூனாவுல வேலை. துறைத்தலைவரா இருந்து ஜூன்ல ரிட்டயர் ஆனேன். நேத்து ராத்திரிதான் இந்த ஊருக்கு வந்தேன். காலையில லாட்ஜ் வாசல்ல ஒரு அம்மா என் கையில அஞ்சு ரூபா வச்சுட்டு, ஏதோ எதிர்பார்த்த மாதிரி நின்னாங்க. டீக்கடைக்காரர் காசு வாங்க மாட்டேன்னுட்டு மேல பத்து ரூபா குடுத்தார். ஆட்டோவுக்குக் கை நீட்டினேன். ஆட்டோ நின்னுது. டிரைவர் கையில காசைப் போட்டுட்டுப் போயிட்டார்.”

தளவாயின் அடிவயிற்றில் ஒரு சிரிப்பு புறப்பட்டது. அது நெஞ்சுவரை வந்தபோது ஹால் டிக்கெட்டை நினைத்தான். கொஞ்சம் இறங்கியது.

“வாட்ச்மேன்கூடப் பத்து ரூபா குடுத்தார், டாக்டர்.”

சிரிப்பு மறுபடி ஏறியது. தளவாய் ஸ்டெதஸ்கோப்பின் முனையைத் தன் நெஞ்சிலேயே வைத்து, தீவிரமாகக் கேட்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டான்.

“இத நீங்க பிரச்சினையா பாக்கக் கூடாது சார்,” என்றான். “வரவா பாக்கணும்.”

சிவப்பிரகாஷ் சிரிக்கவில்லை. “வேலையில இருக்கும்போது என்னைப் பார்த்தா பசங்க எழுந்து நிப்பாங்க. நாலே மாசம். மூஞ்சி பிச்சைக்காரன் மூஞ்சியா ஆயிடுமா?”

அவர் கண்ணில் நீர் திரண்டிருந்தது. கோட்டுக்காரர் ஒருவர், காலை பதினொரு மணிக்கு, உடைந்த பெஞ்சுகளுக்கு நடுவில். தளவாய்க்குச் சிரிப்பு அடங்கிவிட்டது. இவர் முகத்தில் ஒரு கோளாறும் இல்லை, கோளாறெல்லாம் கோட்டில்தான் என்று ஒரு வரி சொன்னால் போதும், மனிதர் எழுந்து நடந்துவிடுவார். ஆனால் அந்த ஒரு வரிக்குப் பிறகு அவர் தளவாயின் கோட்டைப் பார்ப்பார். ஹால் டிக்கெட் ஒரு பக்கம், இந்த மனிதரின் முகம் ஒரு பக்கம். தளவாய் மனசுக்குள் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டான்.

“சார், இங்கன இப்ப தசரா. நேர்ச்சைக்கு வேஷம் போட்டுக் காணிக்கை வாங்குவாங்க. இந்த ஊரு வெயில்ல கோட்டு போட்டு டை கட்டி நடந்தா அது வேஷம்தான். உங்களுக்கு யாரும் பிச்சை போடல. அம்மனுக்குப் போட்டாங்க. வாட்ச்மேன் அண்ணாச்சி உங்களை வக்கீல்னு நெனச்சிட்டாரு. கச்சிதமான வேஷம்னு பாராட்டவேற செஞ்சாரு.”

சிவப்பிரகாஷ் தன் கோட்டைப் பார்த்தார். டையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு தளவாயின் கோட்டைப் பார்த்தார். மெதுவாகக் குனிந்து மேசைக்கடியில் பார்த்தார். அங்கே இரண்டு வெறுங்கால்கள்.

“அப்போ நீங்க?”

“நானும்தான் சார். மூன்றாம் ஆண்டு பி.காம்.”

ஆய்வுக்குழு சிரிக்கத் தொடங்கியது. முதலில் தோள் மட்டும் குலுங்கியது, அப்புறம் மேசை, அப்புறம் மேசைமேல் நாணயங்கள். அடக்கிவைத்திருந்த தளவாயும் சேர்ந்துகொண்டான். “ஆட்டோக்காரர்!” என்று அவர் மூச்சுத் திணறச் சொல்ல, கிரிக்கெட் மட்டை ஒன்று தானாகச் சரிந்து விழ, இருவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஆரம்பித்தார்கள்.

அந்த நேரத்தில்தான் எஸ்றா சார் வாசலுக்கு வந்தார். பின்னால் செல்வராணி மேடம், லாரிப் புழுதியோடு. உள்ளே ஆய்வாளர் நோயாளியின் நாற்காலியில் உட்கார்ந்து அழுதுகொண்டே சிரிப்பதையும், எதிரே தளவாய் டாக்டராக அமர்ந்திருப்பதையும் கண்ட எஸ்றா சார் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டார்.

சிவப்பிரகாஷ் வருகையாளர் பதிவேட்டைக் கேட்டு வாங்கினார். இரண்டு வருஷமாக வெறுமையாக இருந்த பக்கத்தில் தன் பெயரை எழுதினார். குறிப்பு என்ற கட்டத்தில், ‘ஆலோசகர் இல்லை. ஆலோசனை கிடைக்கிறது. உடனே ஓர் ஆளைப் போடவும்,’ என்று எழுதிக் கையெழுத்திட்டார். எஸ்றா சார் அதை மூன்று தடவை படித்தும், அது பாராட்டா தண்டனையா என்று விளங்கவில்லை.

“சார், என் சான்றிதழ்,” என்றான் தளவாய்.

“எப்படிலே தரமுடியும்? நீ ஆலோசனை வாங்கலியே. நீ அந்தப் பக்கம்லா உக்காந்திருந்த.”

செல்வராணி மேடம் படிவத்தை வாங்கிப் பார்த்தார். “மேற்படி மாணவர் ஆலோசனையில் ஒரு மணி நேரம் அமர்ந்தார்னுதான சார் போட்டிருக்கு. மேசைக்கு எந்தப் பக்கம்னு எங்க இருக்கு?” பிறகு அதில் ஏரல் என்று இருந்ததைப் பார்த்துத் தளவாயிடம், “ஏ தம்பி, நீ தினமும் அந்த லாரிக்குப் பின்னாலயா வார?”

“ஆமா மேடம்.”

“ஒரே நாளு வந்த எனக்கே ஆலோசனை வேணும் போல இருக்கு. கையெழுத்தப் போடுங்க சார்.”

எஸ்றா சார் தான் எழுதிய விதியைத் தலை முதல் கால்வரை தேடினார். மேசையே இல்லை. கையெழுத்திட்டார்.

சாயங்காலம் தளவாய் சான்றிதழை வெள்ளைக் கோட்டின் பையில் மடித்து வைத்துக்கொண்டு, சிவப்பிரகாஷை வழியனுப்ப வாசல்வரை வந்தான். அவருக்குக் கிடைத்த காசு முழுவதும் அவன் உண்டியலுக்குள் போயிருந்தது. அவர் ஆட்டோவுக்குக் கை நீட்டினார். ஆட்டோ நின்றது. டிரைவர் அவரை ஏற இறங்கப் பார்த்து, ஒரு பத்து ரூபாய் நாணயத்தை அவர் கையில் வைத்தார்.

சிவப்பிரகாஷ் இந்தத் தடவை முழிக்கவில்லை. டையைச் சரிசெய்துகொண்டு தளவாயின் பக்கம் கை நீட்டித் திருநீறு வாங்கி, ஆட்டோக்காரரின் நெற்றியில் பட்டையாகப் பூசிவிட்டார்.