நடேசண்ணைக்கு அரிசி இல்லை

கிட்ட வந்து இருங்கள், என் செல்லங்களே. குளிர்ந்தால் இந்தப் போர்வைக்குள் காலை நுழைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் ஜெர்மனியிலுள்ள வுப்பர்டாலுக்கு அகதியாய் வந்து சேர்ந்த காலத்தில் ஒரு செத்தவீட்டில் நடந்ததைச் சொல்லப்போகிறேன். இனிப்பான கதை என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

நடேசன் அரிசிக்காகக் கையை நீட்டியதும் கலாதேவி தட்டைச் சேலைத் தலைப்பால் மூடினாள்.

“உங்களுக்கு இல்லை,” என்றாள்.

தகனசாலை மண்டபத்தில் நின்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பெட்டிக்குள் அவளுடைய புருஷன் சிவகுருநாதன், இரவல் கோட்டோடு படுத்திருந்தான். ஊரிலென்றால் பெண்கள் வீட்டிலேயே வாய்க்கரிசி போட்டுவிட்டு நின்றுவிடுவார்கள். ஆண்கள் சுடலைக்குப் போவார்கள். இங்கே வீடும் சுடலையும் இந்த ஒரே அறைதான். அதனால் தட்டு அவள் கையில் இருந்தது.

“என்ன பிள்ளை இது?” அகதி விடுதியில் பக்கத்து அறைக்காரியான புஸ்பவதி அக்கா அவள் தோளைத் தொட்டாள். “பிரேதத்தை வைச்சுக்கொண்டு சண்டை பிடிக்கிறதே? குடு.”

“ஏலாது அக்கா. திறக்க வேண்டிய நேரத்திலை வாயை மூடின ஆள், இண்டைக்கு இவரின்ரை வாய்க்கு அரிசி போடுறதோ?”

நடேசன் தலை குனிந்தான்.

நடந்தது இதுதான். சிவகுருநாதனும் நடேசனும் ஹோட்டல் படுக்கை விரிப்புகள் வெளுக்கும் ஒரு சலவைத் தொழிற்சாலையில் வேலை செய்தார்கள். அங்கே மைஸ்டர் என்கிற மேற்பார்வைக்காரன் ஒரு சட்டம் போட்டான். வெளுத்த விரிப்பைத் தமிழர் தொடுவதென்றால் ரப்பர் கையுறை போட வேண்டும். மற்றவர்களுக்கு அது இல்லை. உங்கள் நிறம் வெள்ளையில் ஒட்டிவிடும் என்று சொல்லிச் சிரிப்பான். இஸ்திரி உருளையின் சூட்டில் கையுறைக்குள் கை அவிந்து தோல் உரிந்தது. மற்றத் தமிழர்கள் பகிடி என்று விழுங்கிக்கொண்டார்கள். சிவகுருநாதனால் விழுங்க முடியவில்லை. முதலாளியிடமே சொல்கிறேன் என்று புறப்பட்டான்.

“பெரிய மனிசனைப் பாக்க வெறுங்கையோடை போறதே? ஒரு போத்தில் கொண்டு போ. நீ முதல் கதை, நான் பின்னாலை சாட்சி சொல்லுறன்,” என்றவன் நடேசன். நல்ல விஸ்கியாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தவனும் அவன்தான். ஊரில் அரசாங்க அலுவலாய் விதானையாரைப் பார்க்கப் போனாலும் வாழைக்குலையோடுதானே போவோம்.

முதலாளி போத்திலை வாங்கி மேசையில் வைத்தார். எல்லாவற்றையும் கேட்டார். அடுத்த நாள் சிவகுருநாதனுக்கு வேலை இல்லை. லஞ்சம் கொடுத்து மைஸ்டரை விழுத்தப் பார்த்தானாம். நடேசனைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். “எனக்கொண்டும் தெரியாது” என்றுவிட்டான்.

அதற்குப் பிறகு சிவகுருநாதன் விடுதி அறையில் சுவரைப் பார்த்தபடி இருந்தான். “லஞ்சக்காரன் எண்டு சொல்லிப்போட்டாங்களடி,” என்பதைத் தவிர அவன் வாயில் வேறு கதை இல்லை. மார்கழியில் ஒரு நாள், உருளைக்கிழங்குப் பையோடு படியேறியவன் பாதியில் உட்கார்ந்தான். பிறகு எழும்பவில்லை.

அந்த முதலாளிதான் இப்போது கறுப்புக் கோட்டோடு மண்டபத்துக் கதவடியில் நின்றார். கொம்பனியின் பெயர் எழுதிய நாடா கட்டிய மலர்வளையம் கையில் இருந்தது.

“போத்தில் குடிச்சு முடிஞ்சுதோ எண்டு கேளுங்கோவன், நடேசண்ணை,” என்றாள் கலாதேவி. “உங்களுக்குத்தானே டொச் வரும்.” ஜெர்மன் மொழியைத்தான் நாங்கள் டொச் என்போம்.

“பிள்ளை, என்ரை மனிசியும் பிள்ளையளும் ஊரிலை. நான் அனுப்பினாத்தான் அங்கை உலை வைப்பினம். உனக்குத் தெரியாதே?”

“தெரியும். இவருக்கும் தெரியும். அதுதான் கடைசிவரை உங்களைப் பற்றி ஒரு சொல் குறையாச் சொல்லேல்லை. நான் அவரில்லை.”

“இப்ப சொன்னால் அவன் எழும்பி வரப்போறானே?”

“வரமாட்டார். ஆனா லஞ்சக்காரன் எண்ட பேரோடை எரிய விடமாட்டன். அந்தாளுக்கு முன்னாலை சொல்லுங்கோ. சொல்லிப்போட்டு அரிசி எடுங்கோ. இல்லாட்டி வெளியிலை போங்கோ.”

மண்டபத்தில் வேலை செய்யும் ஜெர்மன்காரி மணிக்கூட்டைப் பார்த்தாள். வெளியே அடுத்த பெட்டி காத்திருந்தது. யாரோ இருமினார்கள்.

நடேசன் கதவை நோக்கி நடந்தான். போய்விட்டான் என்றே எல்லோரும் நினைத்தார்கள். கலாதேவியும் அப்படித்தான் நினைத்தாள். அவனோ முதலாளிக்கு முன்னால் போய் நின்றான்.

“செஃப்,” என்றான். முதலாளியை அங்கே எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். “செஃப். ஹண்ட்ஷூ... நூர் தமிலன். டொச் நிக்ஸ். துர்க் நிக்ஸ்.”

கையுறை தமிழருக்கு மட்டும்தான், ஜெர்மன்காரருக்கு இல்லை, துருக்கிக்காரருக்கு இல்லை என்று சொல்லித் தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பிடித்தான். சிவந்து உரிந்து கிடந்தன. பிறகு நெஞ்சில் தட்டிக்கொண்டான். போத்தில் கொண்டுபோகச் சொன்னது தான்தான், அது தங்கள் ஊர் மரியாதை, லஞ்சமில்லை என்று உடைந்த டொச்சில் ஒவ்வொரு சொல்லாய்ப் பொறுக்கிச் சொன்னான். முதலாளிக்கு நன்றாக விளங்கியது.

அவர் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார். திங்கட்கிழமை நீ வரத் தேவையில்லை என்றார். மலர்வளையத்தை ஒரு கதிரையில் போட்டுவிட்டு வெளியே போனார்.

“பாவி, செத்தவீட்டிலை நிண்டே வேலையைப் பறிச்சுப்போட்டான்!” என்று புஸ்பவதி அக்கா வாயில் கையை வைத்தாள்.

கலாதேவி நடேசனின் முகத்தைப் பார்க்கவில்லை. தலைப்பை விலக்கித் தட்டை அவன் பக்கம் பிடித்தாள்.

அவன் உரிந்த கையால் அரிசியை அள்ளிப் போட்டான். பாதி அரிசிதான் போய்ச் சேர்ந்தது. மீதி மினுக்கிய தரையெல்லாம் தெறித்து ஓடியது. ஜெர்மன்காரி துடைப்பத்தோடு விரைந்து வந்தாள். பெட்டியடியில் தட்டோடு நின்ற கலாதேவியைக் கண்டதும் துடைப்பத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

இவ்வளவுதான், என் செல்லங்களே. உங்கள் வீட்டிலிருந்து வேலைக்குப் போகிறவர்கள் போன முகத்தோடே திரும்பி வரட்டும். அவர்கள் வாய் திறக்கும் நாளில் பக்கத்தில் நிற்பவர் விலகாமல் இருக்கட்டும். உங்கள் வாசலும் உலையும் என்றும் நிறைந்திருக்கட்டும்.