மூன்றாம் திட்டு

ஏரிக்குள் ஐந்து மண் திட்டுகள். ஷெரின் இரண்டு வருடமாக அவற்றில் பறவைகளை எண்ணி வருகிறாள். மைனா இருக்கும் நான்கு திட்டுகளில், அதைவிடச் சின்னப் பாட்டுக்குருவியான குண்டுகரிச்சான் இல்லை. குண்டுகரிச்சான் இருக்கும் மூன்றாவதில் மைனா இல்லை. கரையில் இரண்டும் உண்டு. மைனா துரத்தினால் கரிச்சான் ஒதுங்க அங்கே இடம் இருக்கிறது. திட்டில் மொத்தமே ஏழு மரம்.

மூன்றாவதைக் காப்பாற்றி வந்தது, பட்ட பனையில் மரங்கொத்தி குடைந்த பொந்து. மைனா நுழைய முடியாத சின்ன வாய். புயலில் அந்தப் பனை சாய்ந்தது. பங்குனியில் கரிச்சான் சோடி பொந்து தேடி மரம் மரமாக அலைந்தது. எண்ணுவதோடு சரி, எதையும் தொடக்கூடாது என்று சொல்லித்தான் ஷெரினை வேலைக்கு எடுத்திருந்தார்கள். ஆனாலும் மனசு கேட்கவில்லை. தெப்பம் தள்ளும் தமிழ்க்குமரனிடம் ஒரு பழைய கள்ளுக் கலயம் கேட்டாள். அவன் அப்பா கள் இறக்கும் மரமேறி.

"குருவிக்குக் கள்ளா மேடம்? காலேஜ்ல இதான் சொல்லிக் குடுத்தாங்களா?"

சிரித்துக்கொண்டே அவனே கருவேல மரத்தில் கட்டினான். பத்து நாளில் பெட்டை புல் கொண்டுபோனது. சித்திரைக் கடைசியில் குஞ்சுகள் கத்தின. அன்று வீடு போகும்வரை ஷெரினுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

அடுத்து இரண்டு வாரம் காய்ச்சலில் கிடந்தாள். திரும்பி வந்தபோது கலயத்தின் விளிம்பில் மைனா உட்கார்ந்திருந்தது.

தமிழ்க்குமரன் கலயத்தை இறக்கினான். உள்ளே நான்கு நீல முட்டைகள். வைக்கோலை விலக்கினாள். அடியில் மூன்று கரிச்சான் குஞ்சுகள், தட்டையாகக் காய்ந்து. அவற்றின் மேலேயே கூடு கட்டியிருந்தது.

"வாய் இம்மாம் பெருசா இருந்தா யாரு வேணா பூருவாங்க," என்றான். பிறகு, "நானும் யோசிக்கலப்பா."

"உடைச்சுடு."

"முட்டை இருக்குதே?"

அவளே வாங்கி வேரில் அடித்தாள். கை முழுக்க மஞ்சள் கரு. கூடு போனால் மைனா போகும், கரிச்சான் திரும்பும் என்று நம்பினாள். மைனாக்கள் தலைக்கு மேல் கத்தின. திட்டை விட்டுப் போகவில்லை.

தினமும் வந்தாள். ஆறாம் நாள் காலையில் ஆண் கரிச்சான் வந்தது. உச்சிக் கிளையில் அமர்ந்து ஒருமுறை விசிலடித்தது. இரண்டு மைனாக்களும் சேர்ந்து எழுந்தன. கரை எட்டும்வரை அதை விடாமல் விரட்டிவிட்டு, திரும்பி வந்து அதே கிளையில் உட்கார்ந்தன.

"போலாமா மேடம்?"

"இருடா."

வெயில் ஏறும்வரை தெப்பத்திலேயே இருந்தார்கள். கரிச்சான் வரவில்லை.